பட்டன் இடம் மாறினால் என்ன செய்வீர்கள்?

பகலில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரச்சினைகளைச் சரிசெய்து தரும் வேலை, வார இறுதியில் பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு என்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கையில் ஒரு நோட்டு இருக்கும். "மேலே இடது ஓரம், மூன்றாவது படம், அழுத்து. நீலப் பட்டன் வரும், அழுத்து. கொஞ்சம் காத்திரு" என்று மகனோ மகளோ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. சிலர் படம்கூட வரைந்து, அம்புக்குறி போட்டிருப்பார்கள். அவ்வளவு சிரத்தை. அடுத்த அப்டேட் வரும். நீலப் பட்டன் வேறு மூலைக்குப் போய்விடும், அல்லது மூன்று கோடுகளுக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும். அன்றோடு நோட்டு பயனில்லாமல் போய்விடும். எழுதியவர் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த முறையில்தான் தப்பு.

"சாதாரண ஜனங்களுக்குக் கணினியின் உள்விஷயமெல்லாம் எதற்கு? பயன்படுத்தத் தெரிந்தால் போதாதா?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். தெரிய வேண்டும் என்பதுதான் என் பதில். எது தெரிய வேண்டும், எவ்வளவு தெரிய வேண்டும் என்பதில்தான் பலரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு. கார் ஓட்டுகிறவருக்கு இன்ஜின் தெரிய வேண்டுமா என்பது வழக்கமான வாதம். இன்ஜின் தெரிய வேண்டாம், சரி. ஆனால் பிரேக் எதற்கு, பெட்ரோல் தீர்ந்தால் என்ன ஆகும், ஈரமான சாலையில் வண்டி ஏன் வழுக்கும் என்று தெரியாதவர் சாலையில் இறங்குவதை நாம் யாரும் விரும்ப மாட்டோம். அதோடு, காரில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிக்கொள்வதில்லை. கணினியில் மாறும்.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் என்ற நிரல்மொழியை, அதாவது புரோகிராம் எழுதும் மொழியை, உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தாங்களே கையாள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிபிசி நிறுவனம் பொதுமக்களுக்கான கணினி அறிவுத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதற்காகவே பிபிசி மைக்ரோ என்ற கணினி 1981 இறுதியில் வெளிவந்தது. அந்தக் காலத்தில் கணினி அறிவு என்றால் பெரும்பாலும் புரோகிராம் எழுதுவதுதான். புரோகிராம் எழுதாமல் அந்தக் கணினிகளை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அது நியாயமாகவும் இருந்தது. பிறகு படங்களும் மவுஸும் வந்தன, புரோகிராம் தேவையில்லாமல் போனது. கணினி வகுப்பு என்பது எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்கிற இடமாக மாறிவிட்டது.

என் வகுப்பில் இரண்டுமே கிடையாது. முதலில் நான் எடுப்பது ஒரே ஒரு கேள்வி: உங்கள் பொருள் இப்போது எங்கே இருக்கிறது?

கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் என்னிடம் அழுகிற நிலையில் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் மின்னஞ்சலில் வந்த அறிக்கையை அங்கேயே கிளிக் செய்து திறந்திருந்தார். முழு மதியமும் அதில் திருத்தம் செய்து, சேவ் கொடுத்து, மூடிவிட்டுப் போனார். மறுநாள் அதே மின்னஞ்சலைத் திறந்தால் பழைய அறிக்கைதான் இருக்கிறது. "சேவ் பண்ணினேன் சார், நிச்சயமாப் பண்ணினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அட்டாச்மென்ட்டை நேராகத் திறந்தால், கணினி அதற்கு ஒரு நகல் எடுத்துத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் வைத்துக்கொண்டு அந்த நகலைத்தான் காட்டுகிறது. அவர் திருத்தியது அந்த நகலை. மின்னஞ்சலில் இருப்பது அப்படியேதான் இருக்கும். தற்காலிக ஃபோல்டரில் தேடி எடுத்துக் கொடுத்தேன். நல்லவேளை, அது இன்னும் அழிக்கப்பட்டிருக்கவில்லை.

அவரிடம் "அட்டாச்மென்ட்டை முதலில் டவுன்லோட் செய்துவிட்டுத் திறங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அது நோட்டில் இன்னொரு வரியாகப் போயிருக்கும். ஒரு காகிதத்தில் இரண்டு பெட்டி வரைந்து, ஒன்று மின்னஞ்சல் இருக்கும் சர்வர், இன்னொன்று உங்கள் கணினி, நீங்கள் எழுதியது இந்தப் பெட்டியில் விழுந்தது என்று காட்டினேன். அப்புறம் அவரே கேட்டார்: "அப்ப வாட்ஸ்அப்ல வர்றதும் இப்படித்தானா?" இந்த மாதிரிக் கேள்வி வர வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு பாடும். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

போனில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். வகுப்புக்கு வந்த ஒரு அம்மா, போனில் இடம் இல்லை என்று புகைப்படங்களை வரிசையாக அழித்துவிட்டார். "அதான் க்ளவுட்ல இருக்கே" என்பது அவர் நம்பிக்கை. க்ளவுடில் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆப் செய்தது, அவர் நினைத்தபடி தனியாக ஒரு நகலை எடுத்து வைக்கும் பேக்கப் அல்ல, சிங்க். போனில் இருப்பதும் அங்கே இருப்பதும் எப்போதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுதான் அதன் கடமை. ஆப்பின் குப்பைத்தொட்டியில் இன்னும் கெடு முடியவில்லை என்பதால் எல்லாப் படங்களையும் மீட்டோம். இன்று அவர் எந்த ஆப்பை நிறுவினாலும் கேட்கும் முதல் கேள்வி, "இங்க அழிச்சா அங்கயும் போயிடுமா?" ஆப் எதுவாக இருந்தாலும் பொருந்துகிற கேள்வி இது. அழிக்கும் முன் ஒரே ஒரு வேண்டாத படத்தை அழித்துப் பார்த்து, இணையதளத்தில் அது இருக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதித்துக்கொள்வார்.

இரண்டாவது விஷயம், கோப்பின் பெயர். விண்டோஸ் பல வருடங்களாகவே கோப்புப் பெயரின் கடைசித் துண்டை மறைத்துக் காட்டுகிறது. புள்ளிக்குப் பிறகு வரும் டிஎக்ஸ்டி, பிடிஎஃப், இஎக்ஸ்இ போன்றவை, கோப்பு எந்த வகை என்று சொல்லும் துண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மின்னஞ்சலில் வந்த கோப்பின் உண்மைப் பெயர் 'டிஎக்ஸ்டி' என்பதோடு முடியவில்லை, அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்ற இன்னொரு துண்டும் இருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துவிட்டதால், திறந்தவர்கள் கண்ணுக்கு அது ஒரு சாதாரணக் காதல் கடிதம். கணினிக்கு அது ஓட்டச் சொல்லும் ஒரு நிரல். படிக்கிற கோப்பு, ஓடுகிற கோப்பு என்று இரண்டு வகை உண்டு என்ற ஒரே ஒரு விஷயம் தெரிந்து, அது கண்ணுக்கும் தெரிந்திருந்தால், அத்தனை பேரில் கணிசமானவர்கள் ஒரு நொடி நின்றிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. எந்தக் கணினி கைக்கு வந்தாலும் அந்த மறைப்பை நீக்கிவிடுவது என் வழக்கம். ஃபோல்டரைத் திறந்து 'வியூ' மெனுவுக்குள் போனால் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இருக்கும், அதை டிக் செய்தால் போதும். டிக் செய்த பிறகு பெயர் மாற்றும்போது அந்தக் கடைசித் துண்டை மட்டும் தொடாதீர்கள்.

இணைய முகவரி படிப்பதையும் இதே மாதிரிதான் சொல்லிக்கொடுக்கிறேன். மக்கள் இடப்பக்கத்திலிருந்து படிக்கிறார்கள், வங்கியின் பெயர் முதலில் கண்ணில் பட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். முகவரியின் சொந்தக்காரர் யார் என்பது வலப்பக்கம்தான் தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் கடைசி இரண்டு துண்டுகளைப் பாருங்கள். 'உங்கள்வங்கி டாட் காம் டாட் சரிபார் டாட் நெட்' என்று இருந்தால் அது வங்கியுடையது அல்ல, 'சரிபார் டாட் நெட்' என்ற பெயரைப் பதிவு செய்த யாரோ ஒருவருடையது. சில நாட்டு முகவரிகளில் 'கோ டாட் இன்' என்பதுபோல் முடிவே இரண்டு துண்டாக இருக்கும், அங்கே மூன்றாகப் பார்க்க வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தப் பூட்டு, போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவே இல்லை. திருடன் தளத்திலும் பூட்டு இருக்கும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023-இல் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது.

பாஸ்வேர்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு, நீளமாக, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மேலாளர் செயலியில் சேமித்து. ஓடிபி என்பது நீங்கள்தான் நீங்கள் என்பதற்கான அத்தாட்சி, அதைப் போனில் கேட்கிறவர் உங்களாக மாறப் பார்க்கிறார். இவ்வளவு போதும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு நான் தவறாமல் காட்டும் ஒன்று உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளுமாகக் குப்பையாகத் தெரியும். "வைரஸ் வந்துடுச்சு" என்பார்கள். வைரஸ் ஒன்றும் இல்லை. கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. பாமினியில் 'அ' என்று நாம் பார்ப்பது உள்ளே 109 என்ற எண். அது ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்துக்கு உரிய எண். பாமினி எழுத்துரு செய்வதெல்லாம் அந்த எண்ணுக்கு 'அ' வடிவத்தைப் பூசிக் காட்டுவதுதான். எழுத்துரு போனால் பூச்சு போய்விடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'அ'வுக்கு 2949 என்று சொந்த எண்ணே இருக்கிறது. அதனால்தான் எந்தப் போனில் திறந்தாலும் அது 'அ'. இதைச் சொன்னதும், ஏன் பழைய கோப்புகளில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை என்பதை நான் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடுகளில் நடப்பது என்ன? அப்பா போனில் தடவித் தடவி ஏதோ தேடுகிறார். பிள்ளை "குடுங்கப்பா, நான் பண்றேன்" என்று வாங்கி, இரண்டு தட்டில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேலை முடிந்தது, ஆனால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது தனக்கு வராத விஷயம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. என் வகுப்பில் உதவிக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் போட்டிருக்கும் ஒரே கட்டுப்பாடு, அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவர் கைதான் வேலை செய்ய வேண்டும். இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அழுத்தச் சொல்வோம். ஊகம் தப்பினாலும் நல்லதுதான், அப்போதுதான் ஏன் தப்பியது என்று யோசிப்பார்கள். எரர் வந்தால் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எரர் பெட்டியைக் கண்டதும் பதற்றத்தில் மூடிவிடுகிறார்கள், அதில் "டிஸ்க்கில் இடம் இல்லை" என்று காரணம் தெளிவாகவே எழுதியிருக்கும். பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய கணினியில் எதையும் அழிக்கலாம், எதையும் மாற்றலாம். கண்ட்ரோல் இசட் அழுத்தினால் செய்தது திரும்பும் என்று தெரிந்த அந்த நிமிடம் பலருடைய தோள் தளர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் எட்டு மணி நேரம் கணினி முன்னால் உட்காருகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். எங்கள் அலுவலகத்திலேயே ஒரு பட்டியலில் 16 இலக்கக் கணக்கு எண்கள் அத்தனையும் பூஜ்யத்தில் முடிந்திருந்தன. அடித்த பெண் கவனமானவர், சரியாகத்தான் அடித்திருந்தார். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16-ஆவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் தராது. கணக்கு எண், தொலைபேசி எண் போன்றவை கூட்டிக் கழிக்கிற எண்களே அல்ல, இலக்கங்களால் ஆன பெயர்கள். அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

இதே எக்ஸெல் விஞ்ஞானிகளையும் படுத்தியிருக்கிறது. மார்ச் 1, செப்ட் 1 என்ற பெயருடைய மரபணுக்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளை எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். மீதி வெளியே விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. வரி வரம்பு என்று ஒன்று உண்டு என்பது புரோகிராமருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

"மக்களுக்குப் பாடம் எடுப்பதற்குப் பதிலாக, பாடமே தேவைப்படாத கணினியை நிறுவனங்கள் செய்யட்டும்" என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கோப்புப் பெயரின் கடைசித் துண்டை மறைத்தது விண்டோஸைச் செய்யும் மைக்ரோசாஃப்ட். கோப்பைத் திறந்தவர் தலையில் மட்டும் பொறுப்பைக் கட்ட முடியாது. நல்ல வடிவமைப்பை நாம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிய, கொஞ்சமாவது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் அஞ்சல் நிலைய விவகாரம் எனக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறது. ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைவதாகக் காட்டியதை வைத்து, அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களுமாக 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் பேசாமல் இருக்கவில்லை, கணினிக் கணக்கு தப்பு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். கேட்கும் இடத்தில் இருந்த அதிகாரிகளும் நீதிமன்றங்களும் கணினி சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கணினி ஒழுங்காக இயங்கியது என்றே முதலில் அனுமானிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நிலைப்பாடும்கூட. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வந்தது 2024-இல். சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஆகவே பயிற்சி யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், கணினி காட்டுவதை வைத்து இன்னொருவரைப் பற்றி முடிவெடுக்கிறவருக்கு என்பேன். மேலாளர், கிளார்க், தலைமை ஆசிரியர், நீதிபதி. அவர்களுக்கு மென்பொருள் எழுதத் தெரிய வேண்டாம். இந்த எண்ணை யார் உள்ளே போட்டார்கள், எப்போது மாறியது, அந்த மாற்றம் எங்கே பதிவாகியிருக்கிறது, வேறு யாரால் மாற்ற முடியும் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அவர்கள் கேட்கும் வரை, எதிரில் நிற்பவர் கேட்க வேண்டியிருக்கிறது. "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேன். சிஸ்டம் என்ன காட்டுகிறது என்று திரையைப் பார்க்கக் கேளுங்கள். முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேதி, நேரம், எரர் வாசகம் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த விவரத்தையும் திரையில் உள்ள விவரத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள்.

வகுப்பில் படித்த ஒருவருடைய மனைவிக்கு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வயது இன்னும் நிறையவில்லை என்று காட்டியதாம். பிறந்த தேதி மார்ச் 4, தகுதித் தேதி அதற்குச் சில நாள் கழித்து. அவர் கவுன்ட்டரில் நின்று, "உங்க கணினி நாளை முதல்ல எடுத்துக்குமா, மாதத்தை முதல்ல எடுத்துக்குமாங்க?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏப்ரல் 3 என்று இருந்தது. விண்ணப்பத்தில் 04-03 என்று எழுதியிருந்ததை, வேறு மென்பொருளிலிருந்து ஏற்றும்போது மாதத்தை முன்னால் வைத்துப் படித்திருக்கிறது. நாளின் எண் 12-க்குள் இருந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, அந்த எண் மாதமாகப் பொருந்தாததால் கணினி தேதியை ஏற்கவே இல்லை. அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டு மற்ற விண்ணப்பங்களையும் பார்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து என் வகுப்பில் எல்லாருமே தேதி எழுதும்போது மாதத்தை எண்ணில் எழுதுவதில்லை, எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.